கல் வீடும் ஓலை வீடும்

ஐரோப்பாவுல படிக்கப் போன நம்ம சகபதிவர்கள் எல்லாம் கோட்டை, அரண்மனைத் தோட்டம், கல் பாவின தெருன்னு படம் போட்டுத் தாக்குறாங்க. ஹைடல்பெர்க், பக்கத்துலயே ஷ்வெட்சிங்கன்.... பார்க்கப் பார்க்கப் பொறாமையா இருக்கு. அந்த ஷ்வெட்சிங்கன் அரண்மனைத் தோட்டத்துக்குள்ள 18-ம் நூற்றாண்டுல ஒரு மசூதி கூடக் கட்டி வெச்சிருக்காங்களாம். தொழுகைக்கு இல்ல, சும்மா அழகுக்கு! நம்ம ஊர் பொருட்காட்சியில தாஜ்மகால் செட் போடுற மாதிரி :-)

நான் வளைகுடாவுல படிக்கிறேன்னு சொன்னா மட்டும் வர்ற முதல் கேள்வி இதுதான்: "அங்க என்னய்யா இருக்கு பார்க்க? மணலும் மாலும்தானே?"

இருக்குங்க. ராஸ் அல் கைமாவுல ஒரு நாள் பூரா நடந்து பார்க்குற அளவுக்கு இருக்கு. கோட்டை, தோட்டம், பாழடைஞ்ச ஊர் எல்லாம். ஆனா இது வெறும் ஊர்சுற்றிப் பதிவு இல்ல. கடைசியில உங்ககிட்ட ஒரு வேலை கேட்கப் போறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஆள் அறிமுகம். கூட வந்தது எங்க ஜில்லாக்காரர், ராமநாதபுரம் பக்கம். இங்க கட்டட சைட்டுல போர்மேன். பதினேழு வருஷமா ராக்-ல இருக்கார். (ராஸ் அல் கைமாவை இங்க யாரும் முழுசா சொல்றதில்ல, ராக்தான்.) நான் படிக்கிறது கட்டுமான மேலாண்மையில மாஸ்டர்ஸ். எனக்கு ஏட்டுச் சுரைக்காய், அவருக்குக் கைப்பழக்கம். ஜனவரி மாசத்து ஞாயிறு, வெயில் தாங்கக்கூடிய வெயில், கார் அவரோடது. வேற என்ன வேணும்?

காலையில தயா கோட்டை. ஊருக்கு வடக்கே, ஹஜர் மலையடிவாரத்துல ஒரு தனிக் குன்று மேல இருக்கு. படி ஏறி மேல போனா ஒரு பக்கம் மொட்டைப் பாறை மலை, மறுபக்கம் பச்சைப் பசேல்னு பேரீச்சந்தோட்டம், அதுக்கு அந்தாண்டை கடல். அரண்மனைத் தோட்டம்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன். வெட்டி வெச்ச புல்தரை கிடையாது, பூ வரிசை கிடையாது. ஆனா இந்த மாதிரி தோட்டங்கள்தான் இந்தக் கரையோட கோடை வாசஸ்தலம். முத்துக்குளிப்பு சீசன்ல ஆம்பளைங்க கடலுக்குப் போயிடுவாங்க. பொம்பளைங்களும் பிள்ளைங்களும் கரையோரப் புழுக்கத்தை விட்டுட்டுப் பேரீச்சந்தோப்புக்குக் குடி போவாங்க. ஊருக்குத் தெற்கே இல்ல, நடுவுலயே நகீல்னு ஒரு ஏரியா இருக்கு. பேரோட அர்த்தமே பேரீச்சை மரங்கள். இப்ப அங்க கடைத்தெரு.

கோட்டைக்கு வருவோம். 1819 டிசம்பர். பம்பாயிலேர்ந்து கிளம்பின ஆங்கிலேயப் படை ராஸ் அல் கைமா ஊரைப் பிடிச்சுது. தப்பிச்சவங்க இந்தக் குன்று மேல ஏறி உட்கார்ந்துட்டாங்க. போர்க்கப்பல்லேர்ந்து ரெண்டு பெரிய பீரங்கியை இறக்கி, சேறு சகதியில இழுத்துட்டு வந்து சுட்டாங்க. டிசம்பர் 22-ம் தேதி கோட்டை சரண். அடுத்த மாசமே, 1820 ஜனவரியில, கடற்கரை ஷேக்குகள் கூட ஒப்பந்தம். அதுக்கப்புறம் 1971 வரைக்கும் இந்தக் கரையில வெள்ளைக்காரன் செல்வாக்குதான்.

இதுல நமக்கு ரெண்டு சேதி. ஒண்ணு, அந்தப் படையில இந்திய சிப்பாய்களும் இருந்தாங்க. இந்த ஊருக்கு இந்தியர்கள் கூட்டமா வந்தது எண்ணெய்க்கு அப்புறம்தான்னு நினைச்சுட்டு இருக்கோம் இல்லையா? 1819-ல துப்பாக்கியோட வந்திருக்காங்க. அவங்களும் சம்பளத்துக்கு வந்தவங்கதான். ரெண்டு, ஆங்கிலேயர் இந்த ஊர்க்காரங்களுக்கு வெச்ச பேர் 'கடற்கொள்ளையர்'. ஷார்ஜா ஆட்சியாளர் சுல்தான் அல் காசிமி அதை மறுத்து 1986-ல ஒரு புத்தகமே எழுதினார். குஞ்ஞாலி மரைக்காரைப் போர்த்துக்கீசியர் என்னன்னு கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புதுக்கதை இல்ல. யார் எழுதி வெச்சாங்களோ அவங்க வெச்ச பேர்தான் நிக்கும். இதை ஓரமா வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மத்தியானம் ராக் மியூசியம். இதுவும் ஒரு கோட்டைதான். 1960-கள் வரைக்கும் ஆட்சியாளர் குடும்பம் வாழ்ந்த வீடு, 1987-லேர்ந்து மியூசியம். உள்ளே ஒரு காத்துக் கோபுரம் இருக்கு. மேல அடிக்கிற காத்தைப் பிடிச்சுக் கீழ அறைக்குள்ள தள்ளும். கரண்டே வேணாம்.

பழைய ஊர்ப் பேர் ஜுல்ஃபார். முத்துக்குப் பேர் போன துறைமுகம். தோண்டினப்ப சீனப் பீங்கான் நிறைய கிடைச்சிருக்கு. 15-ம் நூற்றாண்டு மாலுமி இப்னு மாஜித் இந்த ஊர்க்காரர். வாஸ்கோ ட காமாவுக்குக் கோழிக்கோட்டுக்கு வழி காட்டினது அவர்தான்னு நம்ம பள்ளிக்கூடத்துல கூட சொல்லித் தந்திருப்பாங்க. இன்னைக்கு பல வரலாற்றாசிரியர்கள் அதை ஏத்துக்கறதில்ல. அவருக்கு அந்தப் பழியும் வேணாம் பாவம், காத்தையும் நட்சத்திரத்தையும் பத்தி எழுதினதே அவர் பேருக்குப் போதும்.

இங்க ஒரு விஷயம் சொல்லிட்டு மேல போறேன். 1966 வரைக்கும் இந்தக் கரையில செல்லுபடியான காசு ரூபாய்! 1959-ல இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னே தனி நோட்டு அடிச்சுது. முத்தை வாங்குற பெரிய சந்தை பம்பாய். கடன் கொடுத்தவங்கள்ல இந்திய வணிகர்களும் உண்டு. இன்னைக்கு நாம திர்ஹாமை ரூபாயா மாத்தி மாத்திக் கணக்குப் பார்க்குறோம். அன்னைக்கு அவங்க கைக்கு வந்ததே ரூபாய்தான்.

சாயங்காலம் போனதுதான் முக்கியமான இடம். ஜஸீரத் அல் ஹம்ரா. ராக்லேர்ந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர், துபாய் போற பக்கம். பேருக்கு 'சிவப்புத் தீவு'ன்னு அர்த்தம். கடல் ஏறினா தீவு, இறங்கினா கரையோட ஒட்டிக்கும். அப்படி இருந்த முத்துக்குளிக்கும் ஊர். ஸாப் இனக்குழுவோட ஊர். 1968 வாக்குல ஆட்சியாளரோட ஏற்பட்ட பிணக்குல பெரும்பாலானவங்க மொத்தமா அபுதாபிக்குக் கிளம்பிட்டாங்க. ஊர் அப்படியே நின்னுடுச்சு. பக்கத்து ஊர்கள்ல எல்லாம் எண்ணெய்க் காசு வந்ததும் பழைய வீட்டை இடிச்சுட்டு மாடி வீடு கட்டினாங்க. இங்க இடிக்க ஆளில்ல. அதனால எண்ணெய்க்கு முந்தின கடற்கரை ஊர் ஒண்ணு எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்னா இப்ப இங்கதான் வரணும்.

ஜின் இருக்கு, பேய் இருக்குன்னு கதை கட்டி, 2013-ல டோப் ஹூப்பர் 'ஜின்'னு ஒரு படமே எடுத்துட்டார். நாங்க போனப்ப பூனைங்கதான் இருந்துச்சு. நிறைய.

வீடுங்க பவளக் கல்லாலே கட்டினது. கடல்லேர்ந்து எடுத்த பவளப்பாறைத் துண்டுங்க, நடுவுல சுண்ணாம்பு. கிட்டப் போய்ப் பார்த்தா கல்லுல பூப்பூவா பவளத்தோட அச்சு தெரியுது. கூரைக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த கண்டல் மரக் கழி. அதுக்கு மேல பேரீச்சை ஓலைப் பாய், அதுக்கு மேல மண். அறை எல்லாம் ஏன் ஒரே அகலமா ஒடுக்கமா இருக்குன்னு கேட்டீங்கன்னா, கழி அவ்வளவுதான் நீளம். காடு எங்கேயோ ஆப்பிரிக்காவுல, அது தீர்மானிக்குது இங்க ஒரு படுக்கையறை எவ்வளவு அகலம்னு!

அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். நகத்தால சுரண்டினார். "தம்பி, தனுஷ்கோடி சர்ச் சுவரு இதே கல்லுதான்"னார். ஆமா. 1964 டிசம்பர் புயல்ல போனது போக அங்க நிக்கிற சுவர்களும் பவளக் கல்தான். ஒரே மாதிரி கடல், ஒரே மாதிரி கல், ஒரே மாதிரி ஆளில்லாத ஊர். ஒண்ணைக் காலி பண்ணினது புயல், இன்னொண்ணைக் காலி பண்ணினது அரசியல்.

சில இடத்துல பழைய சுவர் மேல சிமெண்ட் பூசியிருந்ததைப் பார்த்து அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார். பவளக் கல் ஈரத்தை இழுக்கும், அப்புறம் வெளிய விடும். சுண்ணாம்பு அதுக்கு வழி விடும். சிமெண்ட் விடாது. உள்ள மாட்டின உப்பு கல்லையே பொடிப் பொடியா உதிர்த்துடும். இதை நான் ரெண்டு செமஸ்டர் படிச்சேன். அவர் நகத்தால சொல்லிட்டார் :-) இப்ப நடக்குற சீரமைப்புல சுண்ணாம்பையும் பவளக் கல்லையும் வெச்சே செய்யறாங்க. நல்லா செய்யறாங்க. 2020-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயும் இந்த ஊர் சேர்ந்திருக்கு. தயாவும் ஜுல்ஃபாரும் ஷிமாலும் கூட. வருஷா வருஷம் இந்தத் தெருக்கள்லயே ஓவியத் திருவிழாவும் நடத்துறாங்க.

ஊர்லயே பெரிய வீடு ஒரு முத்து வியாபாரியோடது. காத்துக் கோபுரம், பெரிய முற்றம், செதுக்கின ஜன்னல். நான் போட்டோவா எடுத்துத் தள்ளிட்டு இருந்தேன். அண்ணன் முற்றத்துல நின்னு சுத்திமுத்திப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது மொதலாளி வீடு. சரி. முக்குளிச்சவன் வீடு எங்கப்பா?"

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்குத்தான்.

முக்குளிச்சவன் வீடு ஓலை வீடு. பேரீச்சை மட்டையும் ஓலையும் வெச்சுக் கட்டினது. 'அரீஷ்'னு சொல்வாங்க. ஊர்ல பெரும்பாலானவங்க அதுலதான் இருந்திருக்காங்க. ஓலை எத்தனை நாளைக்கு? ஆள் போன சில வருஷத்துல அதுவும் போயிடும். கல் வீடு நிக்கும். இன்னைக்கு நாம ஜஸீரத் அல் ஹம்ராவுல நடக்கறப்போ முழு ஊரையும் பார்க்கல. வசதியானவங்க இருந்த பகுதியை மட்டும் பார்க்குறோம். நடுநடுவுல காலியா கிடக்குதே மணல், அங்கதான் மிச்ச ஊர்.

அந்த மிச்ச ஊர்க்காரன் என்ன பண்ணினான்னு கொஞ்சம் சொல்லணும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை நாலு மாசம் கடல்லயே வாசம். மூக்குக்குக் கிளிப், கால்ல கட்டின கல், இடுப்புல கூடை. ஒரு மூச்சுக்கு ஒரு முங்கு, ஒரு நாளைக்கு ஐம்பது தடவைக்கும் மேல. பகல்ல வயிறு நிறையச் சாப்பிட்டா முங்க முடியாதுன்னு பேரீச்சம்பழமும் காபியும்தான், சாப்பாடு ராத்திரிக்கு. காது போகும், கண்ணு போகும். மேல கயிறு பிடிக்கிற ஆளுக்குப் பேர் 'ஸைப்'. கயிறு ஆடினதும் இழுக்கணும், தாமதிச்சா கீழ இருக்கறவன் கதி அவ்வளவுதான். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவங்ககிட்ட ஒரு பேச்சு உண்டு: கயிறு பிடிக்க மச்சானைத்தான் விடணும், தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்கா இழுப்பான்னு!

கடலை விடக் கொடுமை கரையில இருந்த கணக்கு. சீசன் தொடங்கும்போது கப்பல் தலைவன் ('நகுதா', நம்ம கீழக்கரை, காயல்பட்டினத்துல வழங்கின அதே சொல்தான்) முன்பணம் கொடுப்பான். வீட்டுச் செலவுக்கு. சீசன் முடிஞ்சு முத்து வித்ததும் அதுல கழிச்சுக்கணும். முத்து கிடைக்கலேன்னா கடன் அடுத்த வருஷத்துக்கு. கடன் தீராம வேற நகுதாகிட்டப் போக முடியாது. ஆள் செத்தா மகன் தலையில. நகுதாவே வியாபாரிகிட்ட கடன்காரன், அந்த வியாபாரி அதுக்கு மேல ஒரு பெரிய வியாபாரிகிட்ட கடன்காரன். சங்கிலியோட அடியில முங்கினவன்.

கணக்கு எழுதினது யாரு? எழுதத் தெரிஞ்சவன், அதாவது கடன் கொடுத்தவன். 1920-கள்ல பஹ்ரைன்ல ஒரு சீர்திருத்தம் கொண்டு வந்தாங்க: ஒவ்வொரு குளியாளிக்கும் அவன் கையில ஒரு கணக்குப் புத்தகம் இருக்கணும்னு. கேக்க சாதாரணமா இருக்கு இல்ல? அதுக்கே பெரிய எதிர்ப்பு.

அப்புறம் ஜப்பான்ல மிகிமோட்டோவோட வளர்ப்பு முத்து, 1929 பொருளாதார வீழ்ச்சி. ரெண்டும் சேர்ந்து வளைகுடா முத்துத் தொழிலை முடிச்சு வெச்சுது. குளியாளிகள் வேலை தேடி எங்க போனாங்க தெரியுமா? குவைத்துக்கும் பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும். எண்ணெய்க் கம்பெனிகள்ல கூலி வேலைக்கு. ஆமாங்க, இந்தக் கரைக்காரங்களும் ஒரு தலைமுறை 'கல்ஃப்' போனவங்கதான்!

அதுக்கும் முன்னால நம்ம கடலுக்கே வந்திருக்காங்க. 1900-களோட தொடக்கத்துல மன்னார் வளைகுடாவுல, இலங்கைக் கரையில மரிச்சுக்கட்டிங்கற இடத்துல பெரிய முத்துக்குளிப்புகள் நடந்துச்சு. 1905-ல மட்டும் எட்டுக் கோடி சிப்பி எடுத்தாங்க. நம்ம பரதவர்களும் முஸ்லிம் குளியாளிகளும் முங்கின அதே கடல்ல, பாரசீக வளைகுடாவுலேர்ந்து வந்த அரபுக் குளியாளிகளும் முங்கினாங்க. எடுத்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு. 1906-ல அங்க அதிகாரியா இருந்தவர் லியோனார்டு உல்ஃப் (எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபோட கணவர்). கடல்ல இறந்துபோன ஒரு அரபுக் குளியாளியை ராத்திரியில கரைக்குக் கொண்டு வந்ததைத் தன் சுயசரிதையில எழுதியிருக்கார். வேலைக்கு வந்த நாட்டுல செத்து, சொந்த மண்ணு பார்க்காம அடக்கமான ஆள். இன்னைக்கு எந்த வளைகுடாத் தமிழ்ச் சங்கத்துல கேட்டாலும் இதே மாதிரி பத்துக் கதை சொல்வாங்க, திசை மட்டும் மாறியிருக்கும்.

"நாம இங்க பிழைக்க வந்தவங்க, இவங்க சரித்திரம் நமக்கு எதுக்கு?"ன்னு கேட்கறவங்களுக்கு என் பதில் இதுதான். இவங்க சரித்திரம், நம்ம சரித்திரம்னு தனித்தனியா ரெண்டு இல்ல. முன்பணம், கடன், கடல், கயிறு, கணக்குப் புத்தகம். ஊர்ல மூணு வட்டிக்கு வாங்கி ஏஜெண்ட் கையில கொடுத்துட்டு, இங்க வந்து முதல் ரெண்டு வருஷம் அந்தக் கடனையே அடைச்சவங்க என் கூட பஸ்ல வர்றாங்க. தொழிலாளிகிட்ட ஆள் பிடிக்கிற காசு வாங்கக்கூடாதுன்னு அமீரகச் சட்டம் சொல்லுது. ஆனா வாங்குற இடம் ஊர்ல, நம்ம ஆளே.

ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னு சொல்ல வரல. இன்னைக்கு சம்பளம் பேங்க் வழியா வரணும்னு 2009-லேர்ந்து முறை இருக்கு. கணக்குப் புத்தகம் மாதிரி அதுவும் ஒரு பெரிய படி. வேலை மாறவும் வழி இருக்கு. அப்பன் கடன் சட்டப்படி மகன் தலையில விழாது. ஆனா அந்த ஓலை வீடு மேட்டர் இருக்கே, அது மட்டும் மாறல.

யோசிச்சுப் பாருங்க. 1970-களிலேர்ந்து இங்க வந்த நம்ம ஆளுங்க எங்க தங்கினாங்க? போர்ட்டா கேபின்ல, கேம்ப்ல, ஒரு ரூமுக்கு எட்டுப் பேர்னு பழைய வில்லாவுல. சைட் முடிஞ்சா கேபினை லாரியில ஏத்திடுவாங்க. நின்ன இடம் கூடத் தெரியாது. கட்டின கோபுரம் நிக்கும். இன்னும் நூறு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் கேமராவோட வந்து கோபுரத்தைப் படம் எடுப்பான். கட்டினவன் வீடு எங்கன்னு அவன் கேட்டா காட்ட என்ன இருக்கும்?

இதுல அரபுக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போக முடியாது. நம்ம ஊரைப் பாருங்க. காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகள் முன்னாடி நின்னு எல்லாரும் வாயைப் பிளக்குறோம். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரை. அந்தப் பணத்துல பெரும்பங்கு பர்மாவுல வட்டிக்கு விட்டது. 1930-களோட முடிவுல கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்கள்ல நிலத்துல கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருந்துச்சு. கடனைக் கட்ட முடியாம நிலத்தை விட்ட பர்மிய விவசாயியோட வீடு எங்க? அதுவும் மூங்கிலும் ஓலையும்தான். கானாடுகாத்தான் வீட்டைப் பாதுகாக்க வேண்டாம்னு சொல்லல. கண்டிப்பா பாதுகாக்கணும். ஆனா அது முழுக்கதையில பாதிதான்னு தெரிஞ்சு பார்க்கணும். அந்தக் கதையில நாம கல் வீட்டுக்காரங்க. இங்க ஓலை வீட்டுக்காரங்க.

தனுஷ்கோடியும் அப்படித்தான். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததுக்கு அப்புறம் கூட்டம் அம்முது. எல்லா படத்துலயும் சர்ச் சுவர் இருக்கும். அன்னைக்கு ராத்திரி குடிசையோட போனவங்க எந்தப் படத்துலயும் இல்ல.

பழைய ஊரை எப்படிப் பாதுகாக்கணும்னு கேட்டா, கட்டுமானம் படிக்கிறவனா என் கருத்து இது. ஜஸீரத் அல் ஹம்ராவுல கல் வீடுகளுக்குச் செலவு பண்றது சரி. அதே அக்கறையோட அந்தக் காலி மணல்ல சில ஓலை வீடுகளையும் கட்டணும். நிரந்தரமா நிக்காது, சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா வேயணும். வேயட்டுமே. வேயத் தெரிஞ்ச கைகள் அதனாலேயே மிஞ்சும். உள்ளே பெருசா எதுவும் வேணாம். ஒரு மூக்குக் கிளிப், ஒரு கல், ஒரு கயிறு, சுவர்ல பெரிய எழுத்துல ஒரு குளியாளியோட கடன் கணக்கு எப்படி ஓடுச்சுன்னு விளக்கம். காத்துக் கோபுரத்துக்குக் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்க வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியும். அந்த ஊர்ப் பிள்ளைகளோட கொள்ளுத்தாத்தாவுல பாதிப் பேர் முங்கினவங்களா இருப்பாங்களே, அவங்களுக்கும் அது பெருமைதான்.

அது அவங்க ஊர், அவங்க பார்த்துப்பாங்க. நான் சொல்லலாம், கேட்கணும்னு கட்டாயம் இல்ல.

ஆனா நம்ம ஓலை வீடு நம்ம கையிலதான் இருக்கு. இப்ப அந்த வேலைக்கு வர்றேன்.

வளைகுடாவுல இருபது, முப்பது வருஷம் இருந்துட்டு ஊர் திரும்பினவங்க உங்க வீட்டுல ஒருத்தராவது இருப்பார். அப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன். எங்க வீட்டுல சித்தப்பா. கேசட்டுல பேசி அனுப்புவார், ஞாபகம் இருக்கா அந்தக் காலம்? லெட்டர் எழுத நேரமில்லாம டேப் ரெக்கார்டர்ல பேசி, ஊருக்கு வர்ற யார்கிட்டயாவது கொடுத்து விடுவாங்க. எங்க வீட்டுல அந்தக் கேசட்டு மேலயே பின்னாடி சினிமாப் பாட்டைப் பதிஞ்சுட்டாங்க. இப்ப சித்தப்பாவும் இல்ல, குரலும் இல்ல.

அதனால கேட்கறேன். ஒரு லீவுக்குப் போறப்ப உட்கார்ந்து கேளுங்க. எந்த வருஷம் கிளம்பினீங்க? கப்பலா, ப்ளேனா? ஏஜெண்டுக்கு எவ்வளவு, யார்கிட்ட வட்டிக்கு வாங்கினது, எத்தனை மாசத்துல அடைச்சீங்க? ரூம்ல எத்தனை பேர், சமையல் முறை எப்படி? முதல் டிராஃப்ட் எவ்வளவுக்கு அனுப்பினீங்க? எந்தக் கட்டடத்துல வேலை பார்த்தீங்க, அது இன்னும் நிக்குதா? உங்களுக்குக் கயிறு பிடிச்சது யாரு? கேட்டதை அப்படியே எழுதுங்க. கவித்துவம் எல்லாம் வேணாம். வருஷமும் தொகையும் ஊர்ப் பேரும் இருந்தா போதும். பழைய லெட்டர், டிராஃப்ட் ரசீது, ரூம்ல எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணி வைங்க.

"எங்கப்பா என்ன பெரிய ஆளா, எழுதறதுக்கு?"ன்னு தோணும். முங்கினவனும் அப்படித்தான் நினைச்சிருப்பான். அவன் கணக்கைக் கடன் கொடுத்தவன் எழுதினான், அவன் ஊரைப் பத்தி பீரங்கியோட வந்தவன் எழுதினான். நமக்கு எழுதவும் தெரியும், போட இடமும் இருக்கு. இதுக்கப்புறமும் எழுதலேன்னா யாரைப் போய்க் குறை சொல்றது?

முதல் பதிவு நானே போடறேன். அடுத்த வாரம் போர்மேன் அண்ணனோட பதினேழு வருஷம். சம்மதம் சொல்லிட்டார். பேர் போடக்கூடாது, ஆனா ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகையைக் கண்டிப்பா போடணும்னு கண்டிஷன்.

பி.கு: ஜஸீரத் அல் ஹம்ரா போறவங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, தண்ணி எடுத்துக்கோங்க. சுவர் மேல ஏறாதீங்க, பவளக் கல் உதிரும். காலி மணல்லயும் கொஞ்ச நேரம் நடங்க.